"பொட்டுத் தூக்கம் இல்லண்ணே" என்று கேட்பவர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும்

"ராத்திரி பூராம் பொட்டுத் தூக்கம் இல்லண்ணே, ஒரு மாத்திரை குடுங்க." பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று எந்த ஊர் மெடிக்கலில் பத்து நிமிடம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கேட்பவர் விசைப்படகு டிரைவராக இருக்கலாம், பாசி எடுக்கப் போகும் அக்காவாக இருக்கலாம், துபாயில் இருக்கும் மகனின் போனுக்காக விழித்தே பழகிப்போன அம்மாவாக இருக்கலாம். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான், உடம்புக்குள் நடப்பதோ வேறு வேறு. ஒருவருக்குத் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிறது. ஒருவருக்குக் காலில் குடைச்சல். இன்னொருவருக்கு உடம்புக் கடிகாரம் புரண்டு கிடக்கிறது. மற்றவருக்குப் பாயைப் பார்த்தாலே மனம் கொட்டக் கொட்ட விழித்துக்கொள்கிறது. இவர்கள் எல்லோருக்கும் ஒரே தூக்க மாத்திரையைக் கொடுத்தால், முதலில் சொன்னவருக்கு மூச்சு இன்னும் நீளமாக நிற்கக்கூடும். எந்த வகை என்று தெரிந்துகொள்வதற்கு முன் மாத்திரைக்குக் கை நீட்டாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

குறட்டையிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் அதிகம் கண்டுகொள்ளாமல் விடப்படுவது அதுதான். "கடல்ல பாடுபட்டு வந்த மனுசன், அசந்து தூங்குறாரு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, காற்றுப் பாதை குறுகும். குறுகிய பாதையில் காற்று அதிர்ந்துகொண்டு போவது குறட்டை. பாதை முழுசாக ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டில் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போகும், திடீரென்று சத்தம் நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மாறி மாறி ஏறி இறங்கும், ஆனால் மூக்கருகே விரலை வைத்தால் காற்று படாது. ஒன்று, இரண்டு என்று விநாடி எண்ணுங்கள். பத்தைத் தொட்டால் அது மூச்சுத் தடை. சிலருக்கு முப்பது, நாற்பது வரை எண்ண வேண்டிவரும். பிறகு 'கர்ர்க்' என்று ஓர் இழுப்பு, உடம்பில் ஓர் உதறல், மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. "எட்டு மணி நேரம் தூங்கியும் அலுப்பு தீரலை" என்பார். இதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

மூச்சு நிற்பதும் பாதியாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு தடைபடுகிறது. ஒவ்வொரு தடையிலும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், நாடி எகிறும், பிரஷர் ஏறும். மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடம் முதலில் குறட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுவதும் இதன் அடையாளம்தான். அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறை விரியும். உடம்பில் தண்ணீர் கூடிவிட்டதாக நினைத்து, அதை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை இதயம் சுரக்கும். சர்க்கரைதான் காரணம் என்று எண்ணி வருடக்கணக்கில் இதைத் தவறவிடுகிறார்கள். காலையில் தலைபாரம், வாய் வறட்சி, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது, இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் உறுதியாகும். தையல்காரர் டேப்பால் கழுத்தை அளந்து பாருங்கள். 40 செ.மீ.க்கு மேல் என்றால் அதுவும் ஓர் அடையாளம். நம்மவர்களுக்குப் பெரிய உடம்பு இல்லாமலே இது வரும், தாடை அமைப்பு அப்படி. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கூடும். அவர்களில் பலர் குறட்டையைச் சொல்லமாட்டார்கள், அலுப்பு என்றுதான் சொல்வார்கள். தைராய்டு குறைவும் இதைக் கூட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தரும் ஊழியரிடம் "இவர் மூச்சு நின்னு நின்னு வருது" என்ற ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை வீட்டிலேயே செய்யலாம். விரலில் ஒரு கிளிப், மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, ஒரு ராத்திரி. நடுத்தரம், கடுமை என்று வந்தால் சி-பேப் கருவி. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் வெளியிட்ட முறை இது. மாஸ்க் வழியாக அளவான காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை ஒட்டாமல் தாங்கிப் பிடிக்கும். கருவியை வாங்கி ஒரே வாரத்தில் பரண் மேல் போடுபவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் மாஸ்க்தான். உட்கார்ந்தபடி வாரை இறுக்கிவிட்டுப் படுத்தால் முகத்தசை சரிந்து காற்று கசியும். படுத்து, கருவியை ஓடவிட்டு, வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்கு முகம் மூடும் மாஸ்க் பெரும்பாலும் கசியும். மூக்குத் துவாரத்தில் பொருந்தும் குமிழ் வகையைக் கேளுங்கள். காலையில் நாக்கு வறண்டிருந்தால் ராத்திரி வாய் திறந்து காற்று வெளியேறியிருக்கிறது. அப்போது தாடைப் பட்டையோ, வாயையும் மூடும் மாஸ்க்கோ தேவைப்படும்.

நம் கடற்கரைக்கென்று தனியாகச் சிலது உண்டு. காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் கருவியின் ஈரப்பதத்தைக் குறைவாக வையுங்கள். கூட வைத்து, ஏசியும் போட்டால் குழாய்க்குள் தண்ணீர் கோத்து முகத்தில் தெறிக்கும். ஈரப்பதத் தொட்டிக்கு போர்வெல் தண்ணீர் ஆகவே ஆகாது. இரண்டு வாரத்தில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும். மெடிக்கலில் விற்கும் வடித்த நீர் சிறந்தது, பேட்டரிக்கு விற்பது வேண்டாம். பொருக்குப் பிடித்துவிட்டால் ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் கால் மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். வடிகட்டியை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மீன் காயும் இடத்துக்கும் மண் ரோட்டுக்கும் பக்கத்து வீடு என்றால் சீக்கிரமே கறுத்துவிடும். கரண்டு போகும் ராத்திரியில் ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டால் இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்கும்.

லேசான அளவில் இருப்பவர்களுக்குப் பக்கவாட்டில் படுப்பதே பாதி வேலை செய்துவிடும். பனியன் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தை வைத்தால் மல்லாரமாட்டார். எடையில் பத்து சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடை ஏறக்குறைய கால் பங்கு குறையும். சாராயமோ பிராந்தியோ தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். "ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது" என்பவருக்கு முன்ராத்திரியில் வருவது மயக்கம், பின்ராத்திரியில் அது துண்டு துண்டாக உடையும்.

இனி உண்மையிலேயே தூக்கம் பிடிக்காதவர்கள். வாரத்துக்கு மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாக, தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ பகலில் தொல்லை கொடுத்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வீடுகளில் இது எப்படித் தொடங்குகிறது என்று சொல்லத் தேவையில்லை. கடன், வலை நஷ்டம், கைதான செய்தி என்று ஏதாவது ஒன்று தூண்டிவிடும். ஆனால் அந்தக் கவலை தீர்ந்த பிறகும் தூக்கம் திரும்பாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் வேறு. தூங்காத ராத்திரியை ஈடுகட்ட நாம் செய்யும் காரியங்களே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கே படுப்பது, விடிந்த பிறகும் படுக்கையில் கிடப்பது, மதியம் இரண்டு மணி நேரம் உறங்குவது, நேரம் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடுவது. பாயும் தலையணையும் விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். டிவி முன்னால் கண் அசந்தவர் படுக்கைக்கு வந்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான்.

இதற்கு முதல் மருந்து மாத்திரை இல்லை. 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியும் பழக்கத்தை மாற்றும் சிகிச்சையைத்தான் முதலில் வைக்கிறது. அதன் முதுகெலும்பை ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு வாரம் எழுதுங்கள்: படுத்தது, தூங்கியது, விழித்தது, எழுந்தது. தோராயம் போதும். ஒருவர் ஒன்பதிலிருந்து ஆறு வரை ஒன்பது மணி நேரம் படுக்கிறார், தூங்குவதோ சராசரியாக ஐந்தரை மணி நேரம் என்று வையுங்கள். படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரமாகவே குறைக்க வேண்டும். எழுவது காலை ஐந்தரை என்று முடிவானால் ராத்திரி பன்னிரண்டுக்கு முன் படுக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பகல் உறக்கம் இல்லை. ஒரு வாரக் கணக்கில் படுக்கையில் இருந்த நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கியிருந்தால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னுக்குக் கொண்டுவரலாம். இப்படி வாரம் கால் மணியாக ஏறிப் போக வேண்டும். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்காதீர்கள். படுத்துச் சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்புங்கள். சுவர்க் கடிகாரத்தைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் பத்து நாள் பகலில் தூங்கி விழுவீர்கள், இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். வண்டி, படகு ஓட்டுபவர்களும், வலிப்பு உள்ளவர்களும், மனநிலை அளவுக்கு மீறி எகிறித் தாழும் நோய் உள்ளவர்களும் டாக்டர் துணை இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. குறட்டைக்காரர் முதலில் குறட்டையைச் சரிசெய்ய வேண்டும்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணி டீயின் பாதி ராத்திரி பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். மதியம் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். புழுக்கமும் நம் ஊரில் பெரிய எதிரி, உடம்பின் உட்சூடு இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பாகக் குளித்தால் தோல் வழியே சூடு வெளியேறும். காற்று ஓயும் ராத்திரியில் மாடி நல்லது, ஆனால் கொசுவத்திப் புகையை விடக் கொசுவலையே நல்லது, புகை மூக்கை அடைக்கும்.

தூக்கத்துக்கென்று கேட்டு வாங்கும் அல்பிரசோலம், டயாஸிபாம், சோல்பிடெம் எல்லாம் 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை இரட்டிப்பாகும், வலிப்புகூட வரலாம். வாரக்கணக்கில், டாக்டர் சொல்லும் அளவில் இறக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் அது தூக்கத்தோடு மட்டும் நிற்கும் பிரச்சினை இல்லை, மனச்சோர்வு. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கடல்தொழில் செய்பவர்களின் தூக்கம் தனி. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருப்பதால், ஒரு ராத்திரி கடலிலும் மறு ராத்திரி வீட்டிலுமாகப் போகும். எந்தப் பக்கமும் உடம்புக் கடிகாரம் நிலைப்படாது. பின்ராத்திரி மூன்றிலிருந்து ஐந்து வரை உட்சூடு மிகக் குறைவு, கவனமும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். வலை இழுக்கும் விஞ்ச் கயிற்றில் கை சிக்குவதற்கும், மதுரை ரோட்டில் வேன் சாய்வதற்கும் ஏற்ற நேரம் அதுதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 மட்டுமே.

அதனால் படகு கிளம்பும் முன்பே தூங்குவது முக்கியம். முந்தின ராத்திரி அனுமதி டோக்கன், டீசல், ஐஸ் வேலையில் போய்விட்டால், கடலில் வலை விட்ட முதல் இடைவெளியில் டிரைவரை ஒன்றரை மணி நேரம் படுக்க வைத்து வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்மாட்டிமார் (படகு உரிமையாளர்கள்) இதை வழக்கமாக்கினால் நல்லது. எழுந்ததும் கால் மணி நேரமாவது சுக்கானைத் தொடக் கூடாது, அரைத்தூக்கத்தில் கை ஒன்று செய்யும், புத்தி வேறிடத்தில் இருக்கும். கரைக்கு வந்து மீனை இறக்கிவிட்டு வீடு சேரும்வரை வெயில் கண்ணில் படாதபடி கறுப்புக் கண்ணாடி போடுங்கள். காலைக் கடுவெளிச்சம் 'விழித்துக்கொள்' என்று மூளைக்குச் சொல்லிவிடும். பத்து மணிக்குப் படுத்தால் ஒன்றரைக்கு எழுந்துவிடுங்கள். சாயங்காலம்வரை தூங்கினால் அந்த ராத்திரியும் போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் தூக்கத்தைச் சீர்செய்யக் கிடைக்கும் நேரம். சி-பேப் பழகுவதற்கும், மேலே சொன்ன காலண்டர்க் கணக்கைத் தொடங்குவதற்கும் அதைவிட நல்ல காலம் கிடையாது. எந்த வேலையும் இல்லாததால் பகலில் தூங்கி ராத்திரி சீட்டாடிக் கழித்தால் ஜூன் 15 அன்று படகு ஏறும்போது உடம்பு ஒத்துழைக்காது.

கால் குடைச்சல் பற்றி அக்காக்கள் கவனிக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று பாசி எடுத்த கால் வலிக்கத்தான் செய்யும், ஆனால் அந்த வலி படுத்தால் அடங்கும். குடைச்சல் படுத்த பிறகுதான் தொடங்கும். உள்ளே புழு ஊர்வது போலவும் இழுப்பது போலவும் இருக்கும், காலை ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும், சாயங்காலமும் ராத்திரியும்தான் மோசம். இரும்புச் சத்துக் குறைவு முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் இரும்பின் இருப்பு குறைந்திருக்கலாம் என்பதால், அதைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். குடைச்சல் உள்ளவருக்கு அது 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு மாத்திரை உதவும். மாத்திரையை டீயோடு போடாதீர்கள், டீ இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சைச் சாறு நல்லது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும் சிறுநீரக நோயிலும் குடைச்சல் வரும். அரிப்புக்குப் போடும் ஏவிலைத் தூக்கத்துக்கென்று போடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது, அது குடைச்சலைக் கூட்டிவிடும்.

மற்றவற்றுக்கும் பெயர் தெரிந்திருக்கட்டும். விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், நெஞ்சின் மேல் ஏதோ உட்கார்ந்திருப்பது போல் இருப்பதை நம்மவர்கள் அமுக்குவான் என்பார்கள். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமலிருக்க மூளை தசைகளைப் பூட்டி வைக்கும். பூட்டு திறக்கும் முன் கண் திறந்துவிட்டால் இப்படி ஆகும். ஓரிரு நிமிடத்தில் விடும், ஆபத்தில்லை. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். இதோடு பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முட்டி மடங்கி விழுவதும் சேர்ந்தால் அது நார்கோலெப்ஸி, நரம்பியல் டாக்டர் பார்க்க வேண்டும். தூக்கத்தில் நடப்பது முன்ராத்திரி ஆழ்ந்த உறக்கத்தில் வரும். அப்படி நடப்பவரைப் படகில் ராத்திரி தங்கவிடவே கூடாது. ஐம்பது தாண்டியவர் பின்ராத்திரியில் கனவுக்கு ஏற்றபடி அடித்து உதைத்துக் கத்தினால் பேய் பிடித்ததாக எண்ணி அலையாதீர்கள். அந்தத் தசைப் பூட்டு பழுதாகியிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து வரும் பார்க்கின்சன் நோய்க்கு இது முன்னறிவிப்பாக இருக்கலாம். கட்டிலருகே இருக்கும் அரிவாள்மனை, கண்ணாடிச் சாமான்களை அகற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டர்த் தாள்கள், போன் வீடியோ, இப்போது போட்டுவரும் எல்லா மாத்திரை அட்டைகள் (சித்தா, நாட்டு மருந்தும் சேர்த்து) கையில் இருக்கட்டும். கூடவே, பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போங்கள். ராத்திரி என்ன நடந்தது என்று பார்த்தவர் அவர்தான்.